துணிமூட்டை என்று சொல்லாதீர்கள்

கழித்துக் கட்டும் கட்சி என்று ஒரு புதிய கட்சி நம் நாட்டில் கிளம்பியிருக்கிறது. அதற்குக் கொடி கிடையாது. தேர்தல் சின்னம் கிடையாது. ஆனால் வீட்டுக்கு ஓர் அங்கத்தினராவது இருக்கிறார். "ஒரு வருஷமாகத் தொடாத சாமான் எதுவானாலும் தூக்கி எறி, மனசு லேசாகும்" என்பதுதான் அதன் கொள்கை. புத்தகத்தில் எழுதுகிறார்கள். தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். யாரோ ஒருவர் தம் அலமாரியைக் காலி செய்வதைச் செல்போனில் ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவரவர் அலமாரி அப்படியேதான் இருக்கிறது.

நல்ல கட்சிதான். கம்பி போன குடையையும் மூடி இல்லாத ஜாடியையும் எறியட்டும். ஆனால் இந்தக் கட்சியார் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதன்மேல் கை வைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டு எஜமானர் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பத்து வருஷத்து மின்சார ரசீதுகளின்மேல் வைப்பதில்லை. ஓடாத கடிகாரம், பேசாத ரேடியோ, யார் யாருடையதென்றே தெரியாத கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றின்மேல் வைப்பதில்லை. தையல் தெரிந்த பெண்மணி ஒருத்தி சேர்த்து வைத்திருக்கும் துணிகளின்மேல்தான் வைக்கிறார்கள். "இந்த மூட்டையை என்றைக்குத்தான் ஒழிக்கப் போகிறாய்?" என்கிறார்கள்.

மூட்டை! இந்த ஒரு வார்த்தையை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தைப்பதற்காக வீட்டில் சேரும் துணி மூட்டை அல்ல, அது முதல். கடைக்காரரின் சரக்குக்கு என்ன மரியாதை உண்டோ, தச்சரின் பலகைக்கு என்ன மரியாதை உண்டோ, அந்த மரியாதை அதற்கும் உண்டு. அந்த மரியாதையை அதற்கு யாரும் கொடுக்காததனால்தான் அது மூட்டையாகக் கிடக்கிறது. குற்றம் சேர்த்தவள் பேரில் இல்லை. சேர்த்ததை வைப்பதற்கு இடம் கொடாத வீட்டின் பேரில் இருக்கிறது.

முதலில் அந்த "மூட்டை"க்குள் என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

நவராத்திரிக்கும் வரலக்ஷ்மி நோன்புக்கும் வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கைத் துணிகள் இருக்கும். ஆடித் தள்ளுபடியில் எடுத்த துண்டுத் துணிகள் இருக்கும். மகளின் பள்ளிச் சீருடை தைத்தபோது மிஞ்சியது, ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் லைனிங், புடவை ஓரத்துக்கான ஃபால்ஸ், சுருட்டி வைத்த லேஸ், கிழிந்துபோன பட்டுப் புடவையிலிருந்து வெட்டி எடுத்த ஜரிகைக் கரை இருக்கும். தாயாரின் பழைய நூல் புடவை இரண்டும் இருக்கும். அவை எதற்கு என்று ஆண்பிள்ளைகள் கேட்பார்கள். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் போர்த்துவது பழைய துணிதான் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. பத்து வருஷம் துவைத்துத் துவைத்து இழை மெத்தென்று ஆன நூல் புடவையை எந்தக் கடையில் போய் வாங்குவது? தூளிக்கு அதுதான் வேண்டும். பேரப்பிள்ளை வரும் தேதி தெரிந்த பிறகு அதைத் தயார் பண்ண முடியாது.

இந்தத் துணிகளில் பெரும்பாலானவை மறுபடி கிடைக்காதவை. அரிசி தீர்ந்தால் அதே அரிசி வாங்கலாம். துணி அப்படியில்லை. ஒரே கடையில் ஒரே பெயரில் வாங்கினாலும், சாயத் தொட்டி மாறினால் நிறம் ஒரு சாயல் மாறிவிடும். போன மாதம் வாங்கிய அரக்குக்கு இந்த மாதத்து அரக்கு சேராது. ஆகவே கண்ணில் பட்ட நேரத்தில் வாங்கி வைப்பது தையல்காரியின் ஆசை மட்டும் அல்ல, அவளுடைய தொழில் அறிவு.

நான் நாவல் எழுதுகிறவள். என் மேஜையில் முப்பது நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. எப்போதோ காதில் விழுந்த பேச்சு, பாதியில் விட்ட அத்தியாயம், இன்னும் கதை அமையாத ஒரு கிழவியின் முகம், எல்லாம் அவற்றில் கிடக்கின்றன. சில குறிப்புகளை நான் எட்டு வருஷமாகத் தொடவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர்கள் அந்த நோட்டுகளைப் பார்த்து, "ஆஹா, எவ்வளவு கற்பனைச் செல்வம்!" என்கிறார்கள். அவர்களே கூடத்து மூலையில் இருக்கும் என் துணிகளைப் பார்த்து, "இதெல்லாம் எதற்கு அம்மா?" என்கிறார்கள். இரண்டும் ஒரே காரியம் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. காகிதத்தில் இருந்தால் செல்வம். நூலில் இருந்தால் குப்பை! இந்த நியாயம் எந்த தர்ம சாஸ்திரத்தில் இருக்கிறது?

இனி, எதிர்க்கட்சியாரின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம் வேதாந்தம். எங்கள் ஊர் திருக்கோவிலூர் ஆனபடியால் இங்கே வேதாந்தத்துக்குக் குறைவில்லை. 1896ஆம் வருஷம் பதினாறு வயதுப் பையனாக மதுரையை விட்டுப் புறப்பட்ட ரமண மகரிஷி இந்த ஊர் வழியாகத்தான் திருவண்ணாமலைக்குப் போனார். அறையணிநல்லூர் கோயிலில் தங்கினார். கீழையூரில் தம் கடுக்கனை அடகு வைத்து ரயிலுக்குப் பணம் பெற்றார். திருவண்ணாமலை சேர்ந்ததும் உடுத்திருந்த வேஷ்டியைக் கிழித்து ஒரு கோவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிட்டார். "அப்பேர்ப்பட்டவர் நடந்த மண்ணில் இருந்துகொண்டு இத்தனை துணியா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

அந்தப் பெரியவரிடம் பட்டு வேஷ்டி மட்டும் பதினாறு இருப்பது எனக்குத் தெரியும். அது போகட்டும். அதே மகரிஷி, பின்னாளில் தம் கோவணம் கிழிந்தபோது என்ன செய்தார் தெரியுமா? ஒரு முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே இழையை உருவி நூலாக்கி, தாமே தைத்துக்கொண்டார் என்று அவருடைய அன்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். துணியைத் துறந்தவர் கூடத் தையலைத் துறக்கவில்லை! முள்ளால் தைக்கத் தெரிந்தவருக்குத் துணியின் அருமை தெரியும். பதினாறு வேஷ்டிக்காரருக்கு அது தெரியாது.

இரண்டாவது வாதம் பொருளாதாரம். "தைத்த உடுப்பே மலிவாகக் கிடைக்கிற காலத்தில் துணி வாங்கி வைப்பானேன்?" என்பது. மலிவாகக் கிடைக்கிறது, வாஸ்தவம். ஆனால் யாருக்குக் கிடைக்கிறது? கடையில் தொங்கும் உடுப்பு கடைக்காரர் மனத்தில் இருக்கும் ஓர் உடம்புக்குத் தைத்தது. ஒரு தோள் சரிந்தவளுக்கு, மார்பில் ஆபரேஷன் நடந்தவளுக்கு, கூன் விழுந்த பாட்டிக்கு, கை வளராத குழந்தைக்கு அங்கே அளவு கிடையாது. அவர்களுக்கு யாராவது வீட்டில் உட்கார்ந்து தைக்கத்தான் வேண்டும். தைக்கிறவளிடம் துணி இருக்கத்தான் வேண்டும்.

அதோடு, தையல் நம் தேசத்தில் எத்தனை பெண்களுக்குச் சோறு போடுகிறது என்பதை இந்தப் பொருளாதார நிபுணர்கள் யோசித்தார்களா? நம் அரசாங்கம் யோசித்திருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக, ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைக்கிறார்கள். மெச்சத்தக்க காரியங்கள்தான். ஆனால் இயந்திரத்தைக் கொடுத்தவர்கள், இயந்திரத்துக்குள் போகும் துணியை எங்கே வைப்பது என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை. உழவனுக்கு ஏரைக் கொடுத்துவிட்டு, நெல்லைக் கொட்டக் குதிர் எதற்கு என்று கேட்பது போல இருக்கிறது இது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் தைக்கிறாள். இரண்டே அறையுள்ள வீடு. கணவனுக்குச் சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. மாமியாருக்குக் கட்டில் உண்டு. துணிக்கு இருப்பது அந்தக் கட்டிலின் அடி. வாடிக்கைக்காரர்களின் துணி ஒரு சாக்கில். அவளுடைய சொந்தச் சரக்கு இன்னொரு சாக்கில். ஒரு நாள் லைனிங் துணி கேட்டுப் போனேன். பச்சை லைனிங் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எந்தச் சாக்கில் என்றுதான் தெரியவில்லை. இரண்டையும் கொட்டித் தேடினாள்.

"ஏம்மா, தினமும் இப்படியா தேடறே?" என்று கேட்டேன்.

"தைக்கிறது அரை மணிங்க அக்கா. தேடறதுதான் ஒரு மணி" என்றாள்.

அந்த ஒரு மணிக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் தையலுக்குத்தான் கொடுப்பார்கள். தேடலுக்குக் கொடுக்க மாட்டார்கள். அவளுடைய வீட்டில் அலமாரி இல்லாத குறையை அவளுடைய கண்ணும் முதுகும் ஈடு கட்டுகின்றன.

2024ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து, கரையோரத்து ஊர்களில் வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய நேரத்தில் வீட்டில் முதலில் நனைவது எது? தரையில் இருப்பது. தரையில் இருப்பது எது? இடம் கிடைக்காதது. வீட்டுப் பத்திரம் பீரோவின் மேல்தட்டில் இருக்கும். டெலிவிஷன் மேஜைமேல் இருக்கும். கட்டிலுக்கு அடியில் சாக்கில் கட்டிய துணிதான் முதலில் சேற்றுத் தண்ணீரைக் குடிக்கும். சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறும். வெள்ளம் வடிந்து சாக்கை அவிழ்ப்பதற்குள் பூஞ்சாளம் பூக்கும். வாடிக்கைக்காரரின் துணி என்றால் அதற்கு அவள்தான் ஈடு கொடுக்க வேண்டும். தரைக்கு மூன்றடி மேலே ஒரு தட்டு இருந்தால் பல வீடுகளில் இந்த நஷ்டம் தப்பியிருக்கும். இடம் என்று நான் வாதாடுவது அழகுக்காக அல்ல என்பதை இப்போதாவது நம்புங்கள்.

மூன்றாவது வாதம் ஒன்று இருக்கிறது. அதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. "அவர்களுக்கே என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாது, இருப்பதையே திரும்ப வாங்குகிறார்கள்" என்பது அது. ஆம், சகோதரிகளே, இதற்கு நாம் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுக்காத துணி இல்லாத துணிதான். எங்கள் ஊரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. பகைவன் சுவடிக் கட்டு என்று கொண்டுவந்த கவளிக்குள் கத்தி இருந்தது. கட்டி வைத்த கட்டுக்குள் என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். நம்முடைய மூட்டைக்குள் கத்தி இராது. ஆனால் பூச்சி இருக்கும், கறை இருக்கும், மூன்று வருஷத்துக்கு முன் வாங்கி மறந்துபோன அதே நீலத் துணி இருக்கும்.

ஆகவே இடம் கேட்கும் நாம் ஒழுங்கையும் காட்ட வேண்டும். இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம்.

வாங்கி வந்த நூல் துணியை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். முதல் தண்ணீரில் அது சுருங்கும். மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் போவது சாதாரணம். தைத்த பிறகு சுருங்கினால் ரவிக்கை போச்சு. தைக்கும் முன் சுருங்கினால் ஒரு நஷ்டமும் இல்லை. நனைத்து நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு வையுங்கள். கஞ்சி மட்டும் போடாதீர்கள். கஞ்சி மணத்துக்குக் கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் விருந்தாளியாக வரும். நிறம் விடும் துணி எது என்பதும் அந்த முதல் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். அதைத் தனியாக வைக்கலாம்.

பிறகு அளந்து எழுதுங்கள். உலகத்தையே அளந்த பெருமாள் எங்கள் ஊரில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நாமோ கையிலுள்ள ஒரு துணி எத்தனை நீளம் என்று அளப்பதற்குச் சோம்பல் படுகிறோம். நீளம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும். 36 அங்குல அகலத்தில் ஒரு மீட்டரும் 58 அங்குல அகலத்தில் ஒரு மீட்டரும் ஒன்றாகுமா? 1956ஆம் வருஷத்துச் சட்டம் மீட்டரைக் கொண்டுவந்த பிறகும் நம்மில் பலர் வாயால் கெஜம் என்றே சொல்கிறோம். கெஜம் என்பது 91 சென்டிமீட்டர்தான். மீட்டரில் எழுதிக் கெஜத்தில் வெட்டினால் கை முழுசாக வராது. ஒரு காகிதத் துண்டில் நீளம், அகலம், வாங்கிய மாதம், யாருக்காக என்பவற்றை எழுதித் துணி ஓரத்தில் நூலால் ஒரு தையல் போட்டுக் கோத்துவிடுங்கள். குண்டூசி வேண்டாம். மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியில் மாறாத கறை வைத்துவிடும்.

இந்த இடத்தில் ரவிக்கைத் துணி தானம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தைப்பதற்கு எண்பது சென்டிமீட்டராவது வேண்டும்; பெரிய உடம்பென்றால் ஒரு மீட்டர். அறுபது சென்டிமீட்டர் துணியை மடித்துக் குங்குமத்தோடு கொடுத்தால் அது யாருக்கும் ரவிக்கையாகாது. வீடு வீடாகப் போய், மூன்றாவது நவராத்திரிக்கு உங்களிடமே திரும்பி வரும். மூட்டை பெருக்கிறது என்று சொல்கிறவர்கள் முதலில் இந்தத் தானத்தை நிறுத்தட்டும்.

அடுக்கும்போது, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோபுரம் கட்டாதீர்கள். அடித்துணியை இழுத்தால் கோபுரம் சாயும். எல்லாவற்றையும் ஒரே அளவு அட்டையில் சுற்றிப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். நூல் ஒரு தட்டு, பட்டு ஒரு தட்டு, செயற்கை இழை ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் நீளத்தின்படி வரிசை: மூன்று மீட்டருக்கு மேல் இடது கோடியில், ஒரு மீட்டருக்குக் கீழே வலது கோடியில். நிறத்தின்படி அடுக்கினால் கண்ணுக்கு அழகாயிருக்கும், ஆனால் தைக்கிறவள் முதலில் கேட்பது "எத்தனை மீட்டர் இருக்கிறது?" என்றுதான். அரை மீட்டருக்கும் குறைந்த துண்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். கைக்கும் கழுத்துக்கும் பைக்கும் ஒட்டுக்கும் அவை உதவும். உள்ளங்கை அளவுகூட இல்லாததைத் தலையணையில் திணியுங்கள். கழித்துக் கட்டும் கட்சியாருக்கு அந்த ஒன்றை விட்டுக் கொடுக்கலாம்.

பட்டுக்குத் தனி மரியாதை வேண்டும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் மடிப்பில் இற்றுப்போகும். மூன்று மாதத்துக்கொரு முறை பிரித்து மடிப்பை மாற்ற வேண்டும். பழைய வெள்ளை நூல் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளே ஈரம் அடைபடும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக் கூடாது. வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் சிறு முடிச்சாகக் கட்டி மூலையில் வைத்தால் போதும். இரும்புப் பெட்டியானால் உள்ளே துணி விரிக்காமல் வைக்காதீர்கள். ஜன்னல் வெயில் படும் இடத்தில் அலமாரி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் ஒரு நாள் எல்லாவற்றையும் நிழலில் காற்றாட விடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு துணியிலும் ஓர் அங்குலத் துண்டு வெட்டி அதில் ஒட்டி, எந்தத் தட்டு என்று எழுதுங்கள். கடைக்குப் போகும்போது நோட்டைக் கொண்டு போனால் இருப்பதையே மறுபடி வாங்க மாட்டீர்கள். துணி தீர்ந்தால் நோட்டில் ஒரு கோடு.

"இது என்ன பைத்தியக்காரத்தனம், துணிக்கு ஒரு பேரேடா?" என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். 1866ஆம் வருஷம் லண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்னும் அதிகாரி இதே காரியத்தைத்தான் செய்தார். இந்தியத் துணிகளில் எழுநூறு மாதிரிகளை வெட்டி, பதினெட்டுத் தொகுதிகளில் ஒட்டி, எண் போட்டு, நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர் எல்லாம் எழுதினார். அதில் புடவையும் உண்டு, வேஷ்டியும் உண்டு, தலைப்பாகைத் துணியும் உண்டு. அப்படி இருபது பிரதிகள் தயார் செய்தார்கள். எதற்காக? இந்தியர்கள் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று இங்கிலாந்தின் ஆலைக்காரர்கள் பார்த்து, அதேபோல நெய்து நமக்கே விற்பதற்காக! நம் பாட்டிமார்கள் மூட்டையாகக் கட்டி வைத்ததை அவர் பட்டியலாக எழுதி வைத்தார். அடுக்கத் தெரிந்தவன் கையில் துணி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை அன்றைய நம் நெசவாளிகள் வயிற்றால் உணர்ந்தார்கள். பேரேடு அவருக்குக் கௌரவம். நமக்கு மட்டும் பைத்தியக்காரத்தனமா?

லண்டனைப் பற்றிப் பேச்சு வந்தபடியால் அங்கிருந்தே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த வாதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளை ஏற்று வளர்க்க அந்த நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. 1741ஆம் வருஷத்தில் குழந்தைகளை வாங்கத் தொடங்கினார்கள். தாயின் பெயரைக் கேட்பதில்லை. பின்னால் அவள் திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று, குழந்தையின் உடுப்பிலிருந்தோ தாய் கொடுத்ததிலிருந்தோ ஒரு துண்டுத் துணியைப் பதிவுக் காகிதத்தில் குத்தி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த துண்டுகள் சுமார் ஐயாயிரம் இன்றும் இருக்கின்றன. ஏழை எளியவர்கள் அந்தக் காலத்தில் என்ன உடுத்தினார்கள் என்பதை அறிய அதைவிடப் பெரிய சேகரம் அந்தத் தேசத்தில் வேறு இல்லை.

1767ஆம் வருஷம் சார்லஸ் என்ற ஆண் குழந்தையை ஒரு தாய் அங்கே விட்டாள். சாரா பெண்டர் என்பது அவள் பெயர். துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு, அதில் ஓர் இதயத்தை நூலால் தைத்து, அந்த இதயம் இரண்டாகும்படி நடுவில் வெட்டினாள். பாதியைக் குழந்தையோடு கொடுத்தாள். பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். எட்டு வருஷம் கழித்து, 1775இல், தன் பாதியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியார் தங்கள் பாதியை எடுத்தார்கள். இரண்டும் பொருந்தின. பிள்ளை தாயிடம் போய்ச் சேர்ந்தான். அங்கே விடப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளில் தாயிடம் திரும்பியவர்கள் வெகு சிலரே. அந்தச் சிலரில் அவன் ஒருவன்.

கழித்துக் கட்டும் கட்சியாரே, உங்கள் ஒரு வருஷக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். சாரா பெண்டரின் அறைக்குள் நீங்கள் நுழைந்திருந்தால் அந்த ஒட்டுத் துணியை என்ன செய்திருப்பீர்கள்? எட்டு வருஷமாகத் தொடாதது, ஒரு பிரயோஜனமும் இல்லாதது, உள்ளங்கை அகலம் கூட இல்லாத கந்தல்! மனசு லேசாகட்டும் என்று அடுப்பில் போட்டிருப்பீர்கள். அவள் போடவில்லை. ஆஸ்பத்திரியாரும் போடவில்லை. அவள் வைத்திருந்தது அன்பினால். அவர்களிடம் இருந்தது ஒழுங்கு: எந்தக் குழந்தை, எந்தத் தேதி, எந்தக் காகிதம் என்று ஐயாயிரம் துண்டுகளுக்கு நடுவில் அந்த ஒன்றை அவர்களால் எடுக்க முடிந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குத் தாய் கிடைத்திருக்க மாட்டாள்.

நம் வீட்டுத் துணிகளில் அத்தனை பெரிய கதை இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இது தங்கை மகளுக்கு, இது தீபாவளிக்கு, இது இவர் சட்டை கிழிந்தால் ஒட்டுப் போட, இது எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கி, நேரம் கிடைக்காமல் வைத்திருப்பது. சம்பாதிக்காத பெண்ணுக்கு வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளப் பல சமயம் இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதை எறி என்று சொல்லுகிறவர்கள் துணியை மட்டும் எறியச் சொல்லவில்லை.

வீடு கட்டுகிறவர்களைக் கேட்கிறேன். பூஜைக்கு அறை வைக்கிறீர்கள். காருக்கு இடம் விடுகிறீர்கள். செருப்புக்கு அலமாரி அடிக்கிறீர்கள், ஆம், செருப்புக்கு! டெலிவிஷனுக்கு ஒரு சுவரையே கொடுக்கிறீர்கள். வரைபடம் போடும்போது, "வீட்டில் தைக்கிறவர்கள் உண்டா?" என்று ஒரு இஞ்சினீயராவது கேட்டதுண்டா? 2019ஆம் வருஷத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சி என்று தனி மாவட்டமே உண்டாக்க முடிந்தது. ஒரு கூடத்துச் சுவரைப் பிரித்து ஓர் அலமாரி உண்டாக்க முடியாதா?

அரசாங்கத்தாரையும் கேட்கிறேன். இலவசத் தையல் இயந்திரத்தோடு கூடவே, சுவரில் மாட்டும் நாலு தட்டுள்ள ஒரு சட்டத்தையும் கொடுங்கள். பெரிய செலவாகாது. இயந்திரம் ஓடும் நேரம் கூடும். தேடும் நேரம் குறையும். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் சரக்கு தப்பும்.

இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு எடுபடாது. ஒருவர் படுக்கவும், இருவர் உட்காரவும், மூவர் நிற்கவும் மட்டுமே முடிந்த ஒரு சின்ன இடைகழியில் முதலாழ்வார் மூவரும் மழை இரவில் ஒன்றாக நின்றார்கள் என்பது எங்கள் தலபுராணம். முதலில் வந்தவர், "இடம் இல்லை, போ" என்று மற்றவரைச் சொல்லவில்லை. எழுந்து இடம் கொடுத்தார். இடம் என்பது சுவரில் பாதி, மனத்தில் பாதி.

நாங்கள் கேட்பதும் அதிகமில்லை. மூன்றடி அகலத்துச் சுவர். தரைக்கு மூன்றடி மேலே ஆரம்பிக்க வேண்டும். மூன்றடி என்றதும் மகாபலியின் கதி நினைவுக்கு வந்து பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: எங்கள் மூன்றடி ஆகாசம் வரைக்கும் வளராது, உங்கள் தலையில் காலும் வைக்காது. கொடுத்துப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்கு உங்கள் சட்டை நேரத்தோடு தைத்துக் கிடைக்கும்.